கோடிவரை ஒரு பகற்பயணம்

இராமேசுவரத்திற்கு வருவோருள் பெரும்பாலோர் இன்று அத்தீவில் ஒரு பகலுக்குமேல் தங்குவதில்லை. விடியுமுன் அக்கினி தீர்த்தத்தில் நீராடி, ஈர ஆடையோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து, வழிபாடு முடித்து வெளியே வரும்போது வேன் ஓட்டுநரோ ஆட்டோ ஓட்டுநரோ எதிர்கொள்வார். இராமர் பாதம், கோதண்டராமர் கோயில், தனுக்கோடி, அரிச்சல்முனை, திரும்பும் வழியில் வில்லூன்றி தீர்த்தம், பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவகம், முடிவில் பாம்பன் பாலம் என்று ஒரே மூச்சில் இடங்களை அடுக்கி, கட்டணத்தைச் சொல்லி, வண்டியில் ஏற்றிக்கொள்வார். வண்டியை ஓட்டுபவரே வழிகாட்டியாகவும் அமைவது இங்கு வழக்கம். ஒரு பக்கம் குடாக்கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவே மணல் என்று நீளும் அந்தப் பாதையில் அவர் சொல்லிக்கொண்டே போவதுதான் இலட்சக்கணக்கானோருக்கு இத்தீவின் வரலாறாக மனத்தில் நிற்கிறது.

அவர் சொல்வது எது, சொல்லாமல் கடந்து போவது எது என்று பார்ப்பது வரலாற்று மாணவர்க்குப் பயன் தரும். ஏனெனில் இக்கடற்கரையில் வழிகாட்டுதல் என்பது சுற்றுலாத் துறை தோன்றிய பின் வந்த தொழிலன்று. ஓர் அரசமரபே வழிகாட்டுதலிலிருந்து தோன்றிய நிலம் இது.

முதலில் பெயர். இராமன் கட்டிய அணையை அவனே வில்லின் நுனியால் உடைத்தான். ஆகவே தனுக்கோடி ஆயிற்று என்பது வழிகாட்டிகள் அனைவரும் சொல்லும் கதை. தனு வில், கோடி நுனி. விளக்கம் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் இவ்விடத்தின் பெயரை இலக்கியத்தில் தேடிச் சென்றால் வில்லுக்கு முன்பே கோடி வந்துவிடுகிறது. அகநானூற்றின் எழுபதாம் பாடலில், மதுரைத் தமிழ்க்கூத்தன் கடுவன் மள்ளனார், பாண்டியர்க்குரிய மிகப் பழமையான கோடியைப் பேசுகிறார். அங்கே கடற்கரையில் விழுதுகள் பல ஊன்றிய ஓர் ஆலமரம். அதன்கீழ் இராமன் மறைபொருள் ஆராய்ந்தபோது மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் ஒலி அடங்கின. தலைவனோடு மணம் உறுதியானதும் ஊரார் தூற்றிய அலர் அவ்வாறே அடங்கியது என்பது தோழியின் கூற்று. இக்கோடி தனுக்கோடியே என்பர் உரையாளர். அப்பாடலில் அணை இல்லை, வில் முறியவுமில்லை. தமிழில் கோடி என்பது முனை, கடைசி என்ற பொருளில் இன்றும் வழங்கும் சொல். தெருக்கோடி என்கிறோம், வேதாரணியத்தை அடுத்து கோடிக்கரை இருக்கிறது. நிலம் முடியும் இடத்தைக் கோடி என்றழைத்த நெய்தல் மக்களின் பெயருக்குப் பின்னாளில் வில் வந்து சேர்ந்தது என்று கொள்வதே தமிழ் மரபிற்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. இதனால் புராணத்திற்கு ஒரு குறையும் இல்லை. இராமகாதையின் ஒரு காட்சி சங்கப் பாடலிலேயே இக்கரையில் வேரூன்றியிருந்தது என்பது வழிகாட்டியின் கதையைவிட வியப்பூட்டும் செய்தி. அதை எந்த வண்டியிலும் கேட்க முடிவதில்லை என்பதே குறை.

திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய தலம் என்பதால் பயணிகளின் வருகை மிகத் தொன்மையானது. பாக்கு நீரிணையின் இருகரையும் இத்தீவை விரும்பின. விரும்பியது எப்போதும் பக்தியால் மட்டுமன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஈழத்து வேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவின் படைத்தலைவன் இலங்காபுரன் இத்தீவைக் கைப்பற்றி, குந்துகால் பகுதியில் தன் மன்னன் பெயரால் பராக்கிரமபுரம் என்ற அரணை அமைத்தான் எனச் சூளவம்சம் கூறுகிறது. அவனுக்குப் பின் வந்த நிசங்கமல்லனோ இராமேசுவரத்தில் நிசங்கேசுவரம் என்ற கோயிலை எழுப்பியதாகத் தன் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தம் காசுகளில் 'சேது' என்ற சொல்லைப் பொறித்தனர். நீரிணைக்கு அப்பால் ஆண்டவர்களும் இம்மணல் திட்டின் பெயரைத் தம் நாணயத்தில் தாங்கினர் என்பதை நோக்க, அப்பெயருக்கு இருந்த மதிப்பு விளங்கும்.

ஆயினும் சேதுவின் பெயரையே பட்டமாகச் சூடியவர்கள் இராமநாதபுரத்து மறவர் குல மன்னர்களே. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சேதுவழி அச்சம் தருவதாக இருந்தது. காடும் கள்வர் பயமும் மிகுந்திருந்தமையால் வடநாட்டுப் பயணிகள் பலர் கடலைக் காணாமலே மடிந்தனர். மதுரை நாயக்கர் முத்துக்கிருட்டிணப்பரின் குரு சேதுவிற்குச் செல்ல விரும்பியபோது, போகலூர்ப் பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த சடைக்கத் தேவர் அவரைப் பாதுகாத்து அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார் என்றும், அதற்கு மகிழ்ந்த நாயக்கர் 1605ஆம் ஆண்டளவில் அவரைச் சேதுபதியாக ஏற்றார் என்றும் மரபு கூறுகிறது. குரு கதையின் நுணுக்கங்களை ஐயுறலாம். ஆனால் பயணிகளுக்குப் பாதுகாவல் அளித்தலே இவ்வரசின் முதற்கடமையாகக் கருதப்பட்டது என்பதில் ஐயமில்லை. படை நடத்தியோ நாடு வென்றோ அன்றி, வழிப்போக்கரைக் கரைசேர்த்து அதனால் அரசு பெற்றோர் வரலாற்றில் அரியர்.

அக்காலப் பயணம் ஒரு பகலில் முடிவதன்று. உப்பூரில் விநாயகரை வணங்கி, தேவிபட்டினத்தில் கடலுள் நிற்கும் நவபாடாணத்தை வலம்வந்து, திருப்புல்லாணி கண்டு, சேதுக்கரையில் முழுகி, பின் மண்டபத்திற்கு வந்து தோணித்துறையில் தோணி ஏறவேண்டும். தோணித்துறை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. பாம்பனில் இறங்கினால் கோயில்வரை நடை. கோயிலிலிருந்து கோடிவரை சுடுமணலில் மறுபடியும் நடை. கோடியில் மகோததியும் இரத்தினாகரமும் கூடுமிடத்தில் நீராடி, மணல் எடுத்து, அம்மணலைக் காசிக்குக் கொண்டுபோய்க் கங்கையில் கரைத்து, கங்கைநீரை மீண்டும் இங்குக் கொண்டுவந்து இராமநாதருக்கு முழுக்காட்டினாலன்றி வடநாட்டார் யாத்திரை நிறைவு பெறாது. மகோததியைப் பெண்கடல் என்றும் இரத்தினாகரத்தை ஆண்கடல் என்றும் இவ்வூரார் சொல்வர். இந்த நீண்ட வழிநெடுகிலும் சத்திரங்களையும் மடங்களையும் சேதுபதிகள் நிறுவினர். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை சேதுபதியும் பதினெட்டாம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதியும் எடுப்பித்த கோயிற் சுற்றாலைகளைப் பற்றி வழிகாட்டிகள் போதிய அளவு பேசுவதால் இங்கு விரித்தல் வேண்டா. சத்திரங்கள்தாம் பேசப்படாதவை. முகுந்தராயர் சத்திரம் இன்று வெறும் ஊர்ப்பெயர். அங்கு இறங்கி நிற்கும் பயணிகள் அதைச் சாலை நிறுத்தமாகவே அறிவர்.

பேசப்படாத மற்றொரு செய்தி இரண்டு ஊர்ப்பெயர்களில் உறைகிறது. பாம்பனிலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்ற ஊர்ப்பலகைகள் அடுத்தடுத்து வருகின்றன. யார் அக்காள், யார் தங்கை என்று வண்டியிலிருப்போர் கேட்பதில்லை. கேட்டாலும் தம் செல்வத்தை அறத்திற்கு வைத்த சகோதரிகள் என்ற அளவில் விடை முடிந்துவிடும். இராமநாதபுரம் சீமையில் வழங்கும் மரபோ கொடுமையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட விசயரகுநாத சேதுபதி தம் மகளிர் இருவரையும் தண்டத்தேவர் என்ற ஒருவருக்கே மணமுடித்து, அவரை இத்தீவின் பொறுப்பாளராகவும் அமர்த்தினாராம். பாம்பன் கால்வாயைத் தோணியில் கடக்கும் பயணிகளிடம் மருமகன் தீர்வை வாங்கத் தலைப்பட்டார். கையில் காசில்லாத துறவி ஒருவர் கடலை நீந்திக் கடக்க முயன்றதாகவும், அச்செய்தி அரண்மனைக்கு எட்டியதாகவும் கதை வளர்கிறது. சேதுவிற்கு வருபவனிடம் கைநீட்டுவது சிவத்துரோகம் என்று கொண்ட மன்னர் மருமகனுக்குக் கொலைத்தண்டனை விதித்தார். மகளிர் இருவரும் கணவன் சிதையில் ஏறினர். அவர்கள் நினைவாக எழுந்த மடங்களே இவ்விரண்டு ஊர்கள் என்பது மரபு.

இக்கதையின் ஒவ்வோர் உறுப்பும் நடந்தபடியே சொல்லப்பட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. துறவி வரும் பகுதி கதைசொல்லிகளின் கைவண்ணமாகலாம். ஆனால் ஒரு சமூகம் எதை மன்னிக்க முடியாத குற்றமாகக் கருதியது என்பதை அது சொல்லிவிடுகிறது. மன்னனின் நீதியைப் புகழ எழுந்த கதை, அந்நீதிக்கு விலையாக உயிரோடு எரிந்த இரு பெண்களின் பெயரை வைத்துக்கொள்ளாமல் முறைப்பெயரை மட்டுமே வைத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே படித்தல் வேண்டும். அக்காள், தங்கச்சி. அவ்வளவுதான்.

குந்துகாலுக்கு இன்னொரு நினைவும் உண்டு. மேலைநாட்டுப் பயணம் முடித்துக் கொழும்பு, யாழ்ப்பாணம் வழியாகத் தாயகம் திரும்பிய விவேகானந்தர் 1897 சனவரி 26 அன்று பாம்பனில் கரையிறங்கினார். 1893இல் சிகாகோ சென்றுவர அவருக்குத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். அவர் அமர்ந்த வண்டியை மன்னரும் மக்களும் தாமே இழுத்துச் சென்றனர். மறுநாள் இராமநாதர் கோயிலில் நின்று, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காணாத வழிபாடு வழிபாடன்று என்ற கருத்தில் சுவாமிகள் பேசினார். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச்சங்கம் கண்டபோது உடனிருந்து புரந்தவரும் இதே பாஸ்கர சேதுபதிதான் என்பதை இலக்கிய அமைப்புகள் மறத்தலாகாது.

தோணியின் காலம் 1914 பிப்ரவரி 24இல் முடிந்தது. அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளம், 143 தூண்கள், நடுவில் அமெரிக்கப் பொறியாளர் ஷெர்ஸர் வகுத்த முறைப்படி இருபுறமும் கதவுபோல் மேலெழும் தூக்குக் கண். கப்பல் வரும்போது பணியாளர் பலர் கைப்பிடி நெம்புகோல்களைச் சுற்றித் தள்ளி அதைத் திறப்பர். சென்னை எழும்பூரில் ஏறிய பயணி ஒரே பயணச்சீட்டில் தனுக்கோடித் துறைவரை புகைவண்டியிலும், அங்கிருந்து தலைமன்னார்வரை கப்பலிலும், பின் கொழும்புவரை மீண்டும் புகைவண்டியிலும் செல்ல இயன்றது. போட் மெயில் என்று மக்கள் அழைத்த அந்த வண்டிக்காகத்தான் தனுக்கோடி ஊராயிற்று. அக்காலத்தில் பாம்பனிலிருந்து முதன்மை இருப்புப்பாதை சென்றது தனுக்கோடிக்கே. இராமேசுவரத்திற்குச் சென்றது கிளைப்பாதை. புகைவண்டி நிலையம், துறைமுக மேடை, சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, மாதா கோயில், பிள்ளையார் கோயில், தங்கும் விடுதிகள் என்று மணலில் ஒரு நகரம் நின்றது.

வழிகாட்டிகள் போட் மெயிலைப் பெருமிதத்தோடு சொல்வர். முதல் வகுப்புப் பயணிகளையும் வெள்ளைக்காரத் துரைகளையும் விவரிப்பர். அந்த வண்டியின் மறுபெட்டிகளில் வந்தவர் யார் என்பது அவர்கள் சொல்லில் வருவதில்லை. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய சீமைகளின் ஏழைமக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே இக்கரையோரத் துறைகளிலிருந்து தோணிகளில் சென்றனர். மன்னாரில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து, நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் மிகப்பலர். இருப்புப்பாதை வந்தபின் மண்டபத்தில் இலங்கை அரசே ஒரு முகாமை நடத்தியது. தோட்டத்திற்குச் செல்லும் தொழிலாளர் அங்கே சில நாட்கள் அடைத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, நோயில்லை என்று தெரிந்த பின்னரே பாலத்தைக் கடக்க விடப்பட்டனர்.

ஆக, ஒரே பாதையில் மூவகை மக்கள் சென்றனர்: புண்ணியம் தேடியவர், கடற்காட்சி காண வந்தவர், பிழைப்புத் தேடியவர். முதலிருவருக்கும் வழிகாட்டிகள் இருந்தனர். மூன்றாமவருக்கும் ஒருவன் இருந்தான்; அவன் பெயர் கங்காணி. ஊரில் முன்பணம் கொடுத்துக் கடனில் பிணித்து அழைத்துச் சென்றவன் அவன். வழிகாட்டி என்ற சொல்லின் வரலாற்றை முழுமையாக எழுதுவோர் அவனை விட்டுவிட்டு எழுத இயலாது.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவைப் பற்றி மட்டும் ஒவ்வொரு வழிகாட்டியும் குரல் தாழ்த்திப் பேசுகிறார். டிசம்பர் 17 அளவில் தென் அந்தமான் கடலில் உருவான தாழ்வழுத்தம் புயலாக வலுத்து, 22இல் வவுனியாப் பகுதியைக் கடந்து, அன்றிரவு பாம்பன் தீவை அடைந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் என மதிப்பிடப்பட்டது. ஏறத்தாழ 25 அடி உயரத்திற்குக் கடல் எழுந்து ஊருக்குள் புகுந்தது. நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் வண்டி, தனுக்கோடி நிலையத்தை அடையச் சிறு தொலைவே இருந்தபோது அலையில் சிக்கியது. பயணிகள் 110 பேர், பணியாளர் 5 பேர் என்பது இருப்புப்பாதைத் துறையின் கணக்கு. சீட்டின்றி ஏறியோரையும் சேர்த்தால் மிகுதி என்பர். ஒருவரும் பிழைக்கவில்லை. புயலில் இருகரையிலும் மாண்டோர் தொகை ஏறத்தாழ 1,800 என மதிப்பிடப்படுகிறது.

இங்கே இரண்டு திருத்தங்கள் தேவைப்படுகின்றன. ஓரிரவில் கடல் ஊரை விழுங்கியது என்ற கூற்று முழு உண்மையன்று. மன்னார் வளைகுடாவை நோக்கிய தனுக்கோடியின் தென்பகுதி 1948, 1949ஆம் ஆண்டுகளிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் தாழ்ந்து, கோயில்களும் வீடுகளும் சாலைகளும் இருந்த ஒரு நீண்ட நிலத்துண்டு கடலுக்குள் போயிற்று என்று இந்திய நிலவியல் அளவைத் துறையின் ஆய்வு தெரிவிக்கிறது. எனவே, ஊர் காலடியில் நழுவிக்கொண்டிருப்பதைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்தோர் கண்டிருந்தனர். கண்டும் இருந்தனர். கப்பலும் வண்டியும் இருக்கும்வரை பிழைப்பு அங்கேதான் இருந்தது.

இரண்டாவது திருத்தம், ஊர் அழிந்ததற்கும் ஊர் கைவிடப்பட்டதற்கும் உள்ள வேறுபாடு பற்றியது. அதே புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கண்கள் பெயர்ந்து கடலில் விழுந்தன. அதைச் செப்பனிட ஆறு மாதம் ஆகும் என்று கருதப்பட்டது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் கடலில் கிடந்த இரும்புச் சட்டங்களையே எடுத்துப் பொருத்தி 46 நாட்களில் வேலையை முடித்தார். இராமேசுவரத்திற்கு வண்டி மீண்டும் ஓடியது. கிளைப்பாதை முதன்மைப் பாதையாயிற்று. தனுக்கோடிப் பாதையோ மீண்டும் போடப்படவேயில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தாழ்ந்துகொண்டிருக்கும் மணலில் மறுபடியும் நகரம் கட்டாதது அறிவுடைமையே என்று சொல்லலாம். தவறென வாதிடுவது கடினம். ஆனால் அம்முடிவையும் புயலின் கணக்கிலேயே எழுதிவிட்டு, மனிதர் எடுத்த முடிவு ஒன்று இடையில் இருந்ததை மறைப்பது வரலாறாகாது.

காலப்பொருத்தம் ஒன்றையும் கருதல் வேண்டும். புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவதென்றும் அது வகுத்தது. யாருடைய பாட்டன்மார் தனுக்கோடித் துறையில் கப்பலேறினரோ அவர்களைத் திருப்பியனுப்ப ஒப்பந்தம் ஆன சில வாரங்களில் அத்துறையே இல்லாமற்போயிற்று. பின்னர் இராமேசுவரத்திற்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில், தாம் பார்த்தே அறியாத தாயகத்திற்குக் குடும்பம் குடும்பமாக அதில் வந்திறங்கினர். ஈழத்தில் போர் மூண்டபின் 1980களின் நடுப்பகுதியில் அக்கப்பலும் நின்றது. அதன்பின் வந்தவர்கள் இரவில் சிறு படகுகளில் வந்தனர். மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, பொழுது விடியக் காத்திருந்து, மண்டபம் முகாமிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். தோட்டத் தொழிலாளரைப் போக்கிவைத்த ஊரே ஏதிலியரை ஏற்கும் ஊராயிற்று.

அரசு கைவிட்ட இடத்தை மீனவர் கைவிடவில்லை. ஓலைக்குடிசைகளிட்டு அங்கேயே தங்கினர். கடலுக்கு மிக அருகில் மணலைக் கையால் தோண்டினால் சில அடியில் நன்னீர் ஊறும் இடங்களை அவர்கள் அறிவர். அகப்பையாலோ சிரட்டையாலோ முகந்து குடத்தை நிரப்பும் பெண்களை இன்றும் காணலாம். இருபுறமும் உப்புநீர் சூழ்ந்த மணலில் இனிய நீர் எங்கே இருக்கிறது என்ற இந்த அறிவுதான் பழைய நாளில் சேதுவிற்கு நடந்துவந்த யாத்திரிகரைப் பிழைக்க வைத்திருக்க வேண்டும். 1974, 1976 உடன்படிக்கைகளுக்குப் பின் கடலிலும் ஓர் எல்லைக்கோடு விழுந்தது. கரையில் வாழும் உரிமைக்கும் கடலில் தொழில் செய்யும் உரிமைக்குமாக ஒரே மக்கள் இரு முனைகளில் வாதாடி வருகின்றனர்.

நெடுங்காலம் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்தது. அப்பால் மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் செல்லவல்ல பழைய வேன்களிலும் ஜீப்புகளிலும் பயணிகளை நெருக்கி ஏற்றிச் சென்றனர். பாதை தெரியாதவர் வண்டியைச் செலுத்தினால் சேற்றில் புதைந்துவிடும். ஆகவே வழிகாட்டி என்பவர் உண்மையிலேயே வழியை அறிந்தவராக இருந்தார். 2017இல் அரிச்சல்முனைவரை நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. மண்டபத்தையும் தீவையும் இணைக்கும் சாலைப்பாலம் 1988 முதலே இருப்பதால், இப்போது மதுரையிலிருந்து வண்டி நேரே நிலத்தின் நுனிக்கே வந்துவிடும். மணலைப் படித்து ஓட்டிய ஓட்டுநர்களின் திறன் ஒரே ஆண்டில் பயனற்றதாயிற்று. இடிந்த மாதா கோயிலின் முன்னும் புகைவண்டி நிலையச் சுவர்களின் முன்னும் சங்கு, சிப்பி மாலை, பொரித்த மீன் விற்கும் கடைகள் பெருகின. கடைக்காரருள் பெரும்பாலோர் அங்குள்ள மீனவர் குடும்பத்தினர். இடிபாடு ஒரு வகையில் சோறு போடுகிறது. மாதா கோயிலின் சுவர்க்கற்கள் பவளப் பாறையிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டவை. அதே பவளப் பாறைகளைக் காக்கத் தூத்துக்குடி முதல் இத்தீவுவரை உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அமைந்தது. 2025 சூனில் தனுக்கோடிப் பகுதி பூநாரைகளுக்குரிய சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பனிக்காலத்தில் கோதண்டராமர் கோயிலையொட்டிய நீர்ப்பரப்பில் அவை வந்து நிற்கும்போது வழிகாட்டிகள் வண்டியை நிறுத்துகின்றனர்.

கோதண்டராமர் கோயில் 1964 புயலில் தப்பியது. வீடணன் அடைக்கலம் புகுந்த இடம் எனப் போற்றப்படும் அக்கோயிலில் அவனுக்கு முடிசூட்டும் விழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது. கடல்கடந்து அடைக்கலம் தேடி வந்தவனைப் போற்றுவதும், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏதிலியர் வந்திறங்கியதும் இதே கரைதான். வழிகாட்டிகளும் அதைச் சொல்வார்களானால் நன்று.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அதனருகே, நடுக்கண் செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பயண முடிவில் சாலைப்பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி இரண்டையும் காட்டுவது வழக்கம். நெம்புகோலைச் சுற்றிய மனிதர்கள் இனி வேண்டா, மின்விசையே தூக்கிவிடுகிறது. தோணிகள் கடந்த பழைய நீர்த்துறையும் அங்கிருந்து பார்வைக்கு எட்டும் தொலைவுதான். ஆனால் அதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. இரவு வண்டியைப் பிடிக்க வேண்டியவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். வடநாட்டுப் பயணிகள் சிலர் மட்டும், கோடியில் அள்ளி முடிந்துவைத்த ஈரமணல் மடியில் ஒழுகாதபடி பிடித்துக்கொண்டு, இன்னும் காசிக்குப் போகவேண்டிய தொலைவைக் கணக்கிட்டபடி அமர்ந்திருக்கிறார்கள்.